நாற்பத்து மூன்று கையொப்பங்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் திரு. ராமாமிர்தம் அவர்களே! கடலூர்வாழ் குமராட்சி வட்டார உத்தியோகஸ்தர் சங்கத்தின் அங்கத்தினர்களே! சிதம்பரத்திலிருந்து இதற்காகவே புறப்பட்டு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் சுப்புரத்தினம் அவர்களே! காலஞ்சென்றவரின் தங்கை ராஜாம்பாள் அம்மாளே, அவருடைய மகள் கனகாம்பாளே! நாற்காலி கிடைத்த மஞ்சக்குப்பத்துப் பெருமக்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசிவிட்டார்கள். ராஜசபேசன் அவர்களை ஒருவர் மாமேதை என்றார். ஒருவர் ஞாபகக் கடல் என்றார். தென்னாற்காடு ஜில்லாவின் அணையா விளக்கு என்றார் இன்னொருவர். தலைவர் அவர்கள் சற்று முன்பு அவருடைய படத்தைத் திறந்துவைத்து, ‘நினைவுச் செம்மல்’ என்ற பட்டத்தையும் சூட்டினார். படம் நன்றாக வந்திருக்கிறது. அவரைப் போட்டோ எடுத்தவர் எவரும் இல்லாததால், சங்கத்தார் வாயால் சொல்லச் சொல்ல ஓவியர் எழுதிய படம் அது. அதில் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கின்றன. உயிரோடிருந்த அறுபத்தேழு ஆண்டுகளில் அவருக்கு அப்படி ஒருநாளும் நேர்ந்ததில்லை.

நான் அந்தப் பொத்தான் போடாத மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அவருடைய தாயார் தில்லையம்மாள் குமராட்சியில் மருத்துவச்சி. இந்த அவையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேரை இந்தப் பூமிக்கு இழுத்துப்போட்ட கை அந்த அம்மாளுடைய கை. மகனைத் தனியே விட முடியாது. தானாகச் சாப்பிடத் தெரியாது. மாடு எதிரில் வந்தால் ஒதுங்கத் தெரியாது. சைக்கிள் மணி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிடுவார். ஆகவே பிரசவம் எந்த வீட்டிலானாலும் தாயாரோடு அவரும் போவார். உள்ளே தாயார், வாசலில் மகன். ஐந்து வயதில் தொடங்கி முப்பது வயதுவரை அவர் அப்படி வாசலில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒன்றையும் மறக்கவும் இல்லை!

எந்த வருஷம், எந்த மாசம், என்ன தேதி, என்ன கிழமை, மழையா வெயிலா, எந்த மாடு கத்தியது, குழந்தையின் தகப்பன் வாசலில் நின்று என்ன சொன்னான், அத்தனையும் அவரிடம் இருந்தது. படிப்பு இல்லை. பத்து வரையில் விரல் விட்டு எண்ணச் சொன்னால் ஏழில் நின்றுவிடுவார். ஆனால் முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு தேதியைச் சொன்னால், வாய் மூடுமுன் கிழமை வந்துவிடும். அது எப்படி வருகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். “அது வரல சார், அங்கியே இருக்குது” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் யார் முகத்தையும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் வேறு ஊரில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நம் ஊரில் பிறந்தார். நம் ஊர் எப்படிப்பட்டது? இங்கே பிள்ளைக்குப் பிறந்த தேதியைக் கொடுப்பவர் கடவுள் அல்லர், தலைமையாசிரியர். பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. பிறகு எழுதுவதற்கு வசதியாக ஜூலை முதல் தேதி என்று போட்டுக்கொள்வார். வருஷத்தைத் தகப்பனார் கேட்டுக்கொண்டபடி இரண்டு, மூன்று குறைத்துக்கொள்வார். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு என்பது சர்க்கார் விதி; வயதைக் குறைத்தால் பிற்காலத்தில் உத்தியோகம் நீளும் அல்லவா! எங்கள் அலுவலகத்தில் மட்டும் ஜூலை முதல் தேதி பிறந்தவர்கள் பதினொரு பேர். அன்றைய தினம் குமராட்சியில் தில்லையம்மாளுக்கு மூச்சுவிட நேரம் இருந்திருக்காது!

ஜாதகமும் அப்படித்தான். பொருத்தம் இல்லாவிட்டால் மாப்பிள்ளையை மாற்றுவது சிரமம். நட்சத்திரத்தை மாற்றுவது சுலபம். இந்த ஏற்பாட்டினால் நாம் எல்லோரும் சௌக்கியமாக இருந்தோம். நம் நடுவில்தான் ராஜசபேசன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மைதானத்தோரம் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அவரால் யாருக்கும் நன்மை இல்லையா? இருந்தது. குமராட்சியில் கொளஞ்சியம்மாள் என்று ஒரு கிழவி இருக்கிறாள். அவளுக்கு ஒரே பிள்ளை பிறந்து, ஒன்பதாம் நாள் போய்விட்டது. பெயர்கூட வைக்கவில்லை. புருஷன் செத்தான், மாமியார் செத்தாள். அப்படி ஒரு பிள்ளை இருந்ததற்குச் சாட்சி எவருமில்லை. ராஜசபேசன் ஒருவர்தான் சாட்சி. தாயார் காலமானபின் அவர் தங்கை வீட்டோடு கடலூருக்கு வந்துவிட்டார். கிழவி ஆண்டுக்கொருமுறை வண்டி பிடித்து இங்கே வருவாள்.

“சபேசா, எம் புள்ளைக்கி இன்னிக்கி எத்தினி?”

“முப்பத்தொண்ணு முடிஞ்சி போச்சி. அன்னிக்கி வேலியில பரங்கி பூத்திருந்திச்சி. உம் மாமியா சொன்னாங்க, மூக்கு அப்பன் மூக்குன்னு.”

அவ்வளவுதான். கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வண்டியில் ஊர் திரும்பிவிடுவாள். சென்ற ஆண்டும் வந்திருந்தாள். ராஜசபேசன் இங்கே இல்லை. என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு வயது ஏறுவது நின்றுவிட்டது.

இனி, இந்த மேடையில் எவரும் சொல்லாததைச் சொல்கிறேன். அவர் எப்படி நம்மை விட்டுப் போனார்? ‘இயற்கை எய்தினார்’ என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கிறோம். அவர் சென்னையிலுள்ள ஒரு மனநோய் மருத்துவமனையில் மூன்று ஆண்டு இருந்து, காய்ச்சலில் இறந்தார். அங்கே அவரை அனுப்பியது யார்? நாம்! ஏன் அனுப்பினோம்? அதற்கும் காரணம் நாமே செய்த ஒரு விழா.

யுத்த காலம். யுத்த நிதிக்காக இந்த மண்டபத்துக்கு எதிரே இருக்கும் மைதானத்தில் ஒரு விழா நடத்தினோம். சென்னையிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். நாதஸ்வரம் வைத்தோம், கழைக்கூத்து வைத்தோம், மூன்றாவது அயிட்டமாக ராஜசபேசனை வைத்தோம். நம் ஜில்லாவின் அதிசயத்தைத் துரைக்குக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டவர் நம் தலைவர்தான். அவருடைய பெருந்தன்மையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. மொழிபெயர்ப்பாளன் அடியேன்.

துரை தாம் பிறந்த தேதியைச் சொன்னார். ராஜசபேசன் கிழமையைச் சொன்னார். துரை கைதட்டினார். நாமும் தட்டினோம். அந்த உற்சாகத்தில் துரை நம் தலைவரைக் காட்டி, “இவர் பிறந்தது எப்போது?” என்றார்.

“ராமாமிர்தமா? பார்த்திப வருஷம் மாசி எட்டு, வியாழக்கெழம. அவுங்க அப்பா பல்லுக்குச்சிய மென்னுகினு வாசல்ல நின்னாரு. ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டாரு.”

துரை என்னைப் பார்த்தார். நான் இருபது வருஷமாகத் தமிழ்த் தேதியை இங்கிலீஷ் தேதியாக மாற்றி எழுதிய குமாஸ்தா. கை பழகிய வேலை, யோசிக்காமல் செய்துவிட்டேன். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு, பிப்ரவரி பதினெட்டு என்று உரக்கச் சொன்னேன். அலுவலக ரிஜிஸ்தரில் தலைவர் பிறந்தது தொண்ணூற்றொன்று, ஜூலை முதல் தேதி. ஐந்து வருஷத்துக்கு மேல் வித்தியாசம்! துரை சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

துரை சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். “இவர்?”

“ஞானசேகரனா? விரோதி வருஷம் ஐப்பசி பதினஞ்சு, புதங்கெழம. நல்ல மழ. கூர ஒழுவிச்சி, பாய மாத்திப் போட்டாங்க.”

பெருமக்களே! அதை நான் துரைக்கு எப்படி மொழிபெயர்த்தேன் தெரியுமா? ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு, ஜூலை முதல் தேதி, வெள்ளிக்கிழமை. ராஜசபேசனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தலைவருக்கு நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து நானும் தலைவரும் இணைபிரியாத நண்பர்கள்.

மூன்றாம் நாள் தலைவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒருவர் பதில் சொன்னால் மற்றவர்களிடமும் கேட்பார்கள். ஆபத்து எல்லோருக்கும். ஆகவே சங்கம் கூடியது. மனு ஒன்று தயாரானது. ‘மேற்படி ராஜசபேசன் சித்தசுவாதீனம் அற்றவர். அவர் கூறும் தேதிகள் நோயின் விளைவு. பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு அவரை உரிய இடத்துக்கு அனுப்பவேண்டும்.’ மனுவின் இங்கிலீஷ் பிரமாதமாக இருந்தது என்று பலரும் பாராட்டினார்கள். எழுதியவன் நான். நோயின் அறிகுறிகள் என்று மூன்றைக் குறிப்பிட்டிருந்தேன். சட்டையைத் திருப்பிப் போடுகிறார். பிறர் முகத்தைப் பார்ப்பதில்லை. வயதைச் சொன்னால் நம்புவதில்லை. மூன்றும் உண்மை. இத்தனை உண்மைகளை வைத்து ஒரு பொய்யை எழுத முடியும் என்று அதற்கு முன் எனக்கே தெரியாது.

மனு என்றால் நம் வழக்கப்படி பெயர், தகப்பனார் பெயர், வயது, கையொப்பம் என்று நான்கு கட்டம் உண்டு. அலுவலக வராந்தாவில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கையொப்பமிட்டார்கள். கூட்டம் கண்டால் ராஜசபேசனுக்குப் பிடிக்கும்; அவரும் வந்து பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரை விரட்டவில்லை. ஒருவர் வயதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார், நாற்பத்தெட்டு என்று.

“இல்லீங்க. அம்பத்தொண்ணு. ஆடி இருவது வந்தா அம்பத்திரெண்டு” என்றது பெஞ்சி.

அடுத்தவர் வந்தார். “நீங்க அம்பத்தி மூணு. உங்க அக்கா பொறந்தப்ப நான் போவல, அம்மா மட்டுந்தான் போனாங்க.”

ஒருவர் சிரித்தார். ஒருவர் பல்லைக் கடித்தார். “பாத்தியா மச்சான், எழுதுறப்பவே பைத்தியம் முத்திடுச்சி” என்றார் ஒருவர். இப்படி நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று பேருக்கும் அவர் சரியான வயதைச் சொன்னார். கோபமே இல்லை. நாம் தெரியாமல் தவறாக எழுதுகிறோம் என்று நினைத்து, உதவி செய்துகொண்டிருந்தார். எதற்காக எழுதுகிறோம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? மூன்று ஆண்டாக யோசிக்கிறேன்.

ராஜாம்பாள் அம்மாள் மருத்துவமனைக்கு இரண்டு முறை போய்வந்தார். யுத்த காலத்து ரயிலில் அதற்கு மேல் முடியவில்லை. இரண்டாம் முறை போனபோது அண்ணன் சொன்னாராம்: “ராஜாம்பா, இங்க யாருக்கும் பொறந்த தேதி தெரியல. கேட்டா அழுவுறாங்க. நான் கேக்கறத வுட்டுட்டேன்.” பிறகு, “எப்ப வூட்டுக்கு?” என்றாராம். வேறு என்ன சொல்வது? “வர்ற வெள்ளிக்கெழம வந்து கூட்டிகினு போறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நம்மிடம் அப்படிச் சொன்னால் நாம் பத்து நாளில் மறந்துவிடுவோம். மறதி என்பதே இல்லாத ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்த வெள்ளிக்கிழமை அது. அவர் இறக்கும்வரை எத்தனை வெள்ளிக்கிழமை வந்தது என்று அந்த அம்மாள் எண்ணி வைத்திருக்கிறார். அந்த எண்ணிக்கையை இங்கே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், சொல்லவில்லை.

தலைவர் அவர்கள் மணி அடிக்கிறார். ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது என்கிறார். முடிந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் பேசித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் இந்தக் கூட்டம் செத்தவருக்காக மட்டும் நடக்கவில்லை. இங்கே கனகாம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பது வயது. அது நிஜமான வயது. அவள் மாமாவே சொன்னது. சிதம்பரத்தில் பெரியவர் சுப்புரத்தினம் அவர்களின் தங்கை மகனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். நல்ல இடம். பையனுக்கும் பிடித்திருக்கிறது. நடுவில் நம் மனு வந்து நின்றது. பெரியவர் கெட்டவர் அல்லர். அவர் சொன்னதை அவர் முன்னிலையிலேயே சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்தட்டும்.

“ஏம்மா, நாப்பத்தி மூணு பெரிய மனுஷங்க கையெழுத்துப் போட்டுப் பைத்தியம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்கிப் பொறக்கற புள்ளைக்கும் வராதுன்னு நான் எத வச்சி நம்புறது? அதே மனுஷங்க, அதே கையால, இல்லன்னு எழுதிக் குடுக்கட்டும். நாப்பத்தி மூணும் வாணாம், பாதிப் பேரு போடட்டும். மாசியிலியே முகூர்த்தம் வச்சிக்கலாம்.”

இதில் என்ன குற்றம்? ராஜாம்பாள் அம்மாள் செம்மண்டலத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “எங்க அண்ணன் போயிட்டான் சார். அவன இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. எம் பொண்ணுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஒரே ஒரு வரி” என்றார்.

அந்த ஒரு வரியை நான் சங்கத்தின் முன் வைத்தேன். சங்கம் மூன்று முறை கூடி ஆலோசித்தது. கடைசியில் தலைவர் அவர்கள் வழி சொன்னார். அவர் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

“யோவ் ஞானசேகரன், அவன் பைத்தியம் இல்லன்னு எழுதினா, அவன் சொன்ன தேதியெல்லாம் நெசம்னு ஆயிடும்யா. நம்ம கதி என்னா? அதெல்லாம் வாணாம். ஒரு இரங்கல் கூட்டம் போடுவோம். படம் தொறப்போம். பட்டம் குடுப்போம். பைத்தியத்துக்கு எவனாவது பட்டம் குடுப்பானா? சம்பந்தி வூட்டுக்காரரு அதுலியே புரிஞ்சிக்குவாரு.”

ஆகவே, பெருமக்களே, அந்த அம்மாள் கேட்டது ஒரு வரி. நாம் கொடுத்தது ஒரு கூட்டம். அவர் கேட்டது கையொப்பம். நாம் கொடுத்தது கைதட்டல். மாமேதை என்றோம், கடல் என்றோம், விளக்கு என்றோம். ஐந்து பேர் பேசினார்கள். ஒருவராவது, ‘ராஜசபேசன் நம்மைப் போலச் சித்தசுவாதீனம் உள்ளவர்’ என்று சொன்னாரா? சொன்னால் என்ன நடக்கும்? சிலருக்கு உத்தியோகம் போகும். சிலருடைய பென்ஷனைத் திருப்பிப் பார்ப்பார்கள். சிலர் வீட்டு ஜாதகங்களைப் பற்றிச் சம்பந்திகள் கேள்வி கேட்பார்கள். அவை சின்ன விஷயங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது. பயம் எனக்குத் தெரியாத பாஷை அல்ல. அந்த மனுவை அந்தப் பாஷையில்தான் எழுதினேன்.

இரங்கல் உரையின் முடிவில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது மரபு. அவருடைய பணி என்ன? கேட்டவருக்குச் சரியான தேதியைச் சொல்வது. அதைத் தொடர நமக்குத் தகுதி இல்லை. அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விட்டது. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஜூலை முதல் தேதிதான் மிஞ்சியிருக்கிறது. என்னால் தொடர முடிந்தது ஒரே ஒரு தேதி. நான் பிறந்தது விரோதி வருஷம் ஐப்பசி பதினைந்து, புதன்கிழமை. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது, அக்டோபர் முப்பது. எனக்கு வயது ஐம்பத்தேழு. இரண்டு ஆண்டுக்கு முன்பே நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அதை இன்று காலை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். பாராட்டுக்காகச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் செய்திருந்தால் பாராட்டலாம். ஒரு மனிதர் உயிரோடு இருந்திருப்பார்.

இதோ, இந்தத் தாளில் அந்த ஒரு வரியை எழுதியிருக்கிறேன். ‘காலஞ்சென்ற ராஜசபேசன் சித்தசுவாதீனம் உள்ளவர் என்றும், முன்பு நாங்கள் எழுதியது பொய் என்றும் இதனால் உறுதி கூறுகிறோம்.’ இம்முறை இங்கிலீஷில் எழுதவில்லை. கீழே என் கையொப்பம் இருக்கிறது. வயதுக்குக் கட்டம் போடவில்லை. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். நாற்பத்து மூவரில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். முப்பத்தெட்டுப் பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். வாசலில் நின்று எண்ணிக்கொண்டுதான் உள்ளே வந்தேன். பெரியவருக்கு இருபத்திரண்டு கையொப்பம் போதும். ஒன்று போட்டாயிற்று. இருபத்தொன்று வேண்டும்.

பேனா மேசைமேல் இருக்கிறது. தலைவர் அவர்களே, தங்களிடமிருந்து தொடங்கலாமா?

சரி. யோசியுங்கள். வேறு யாராவது?

முதல் வரிசையில்? இரண்டாம் வரிசையில்? சுவரோரம் நிற்பவர்கள்? கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவர்களே, உங்களையும்தான் கேட்கிறேன். ஒரு வரி. உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இதைவிடப் பெரிய பொய்களுக்குக் கீழே பெயர் போட்டிருக்கிறீர்கள். இது உண்மை, கை கூசாது.

சுப்புரத்தினம் ஐயா, தாங்கள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தயவுசெய்து உட்காருங்கள். ராஜாம்பாள் அம்மா, நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? பெண்ணின் கையை விடுங்கள், அவளை உட்காரச் சொல்லுங்கள். நான் இன்னும் முடிக்கவில்லை. இத்தனை பேர் இருக்கிறார்கள். இவர்கள் அத்தனை பேரும் உங்கள் அம்மா தூக்கிக் கொடுத்த பிள்ளைகள். ஒருவராவது எழுந்திருப்பார். இன்னும் ஒரு நிமிஷம், அம்மா. போகாதீர்கள். ஒரே ஒரு நிமிஷம்.